ஒற்றையடிப் பாதையை யார் போட்டது? புதிதாக அணிப் பொறுப்பு ஏற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனத்தில் முதன்முறையாக ஓர் அணியின் பொறுப்பை ஏற்கிறவரிடம் மேலிடம் தவறாமல் சொல்வது, “புதிதாக ஏதாவது செய்து காட்டுங்கள்” என்பது. விற்பனையை உயர்த்து என்றாலோ செலவைக் குறை என்றாலோ எங்கே கைவைப்பது என்று ஓரளவு தெரியும். புதியதைக் கொண்டுவா என்றால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், சுவரில் ஒரு யோசனைப் பெட்டியை மாட்டுவது, மாதம் ஒருமுறை யோசனைக் கூட்டம் போடுவது, அணியிலேயே கெட்டிக்காரர் யார் என்று பார்த்து அவர் தலையில் பொறுப்பைக் கட்டுவது என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். நான் வேலைபார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படி மாட்டிய பெட்டியை ஓராண்டு கழித்துத் திறந்தபோது, மின்விசிறி ஓடவில்லை என்ற புகார் இரண்டும் ஒரு பழைய பேருந்துச் சீட்டும் இருந்தன.

புதிய எண்ணம் ஒருவர் தலைக்குள் முழுதாக உருவாகிக் காத்திருக்கிறது, அதை வெளியே எடுத்தால் போதும் என்ற நம்பிக்கையில் இந்த வழிகள் எல்லாமே நிற்கின்றன. ஆனால் நிறுவனங்களில் புதியவை பிறந்த வரலாற்றைப் பார்த்தால், ஒருவரிடம் பாதியாகவும் பயனற்றதாகவும் கிடந்த ஒன்று, வேறொருவரின் தேவையோடு உரசியபோதே உருப்பெற்றிருக்கிறது. வயலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே கிடக்கும் ஒற்றையடிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் அளந்து போடவில்லை, ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றவில்லை. முதலில் நடந்தவர் மிதித்த புல் அடுத்தவருக்கு வழிகாட்டியது, அவர் நடந்ததால் தடம் இன்னும் தெளிந்தது. கறையான்கள் புற்றெழுப்பும் விதத்தை ஆராய்ந்த பிரெஞ்சு உயிரியலாளர் பியேர்-பால் கிராசே 1959-இல் விளக்கியதும் இதையே: ஒரு கறையான் வைத்துவிட்டுப் போன மண்ணுருண்டையே அடுத்த கறையானை வேலைக்குத் தூண்டுகிறது, மேற்பார்வையாளர் என்று யாரும் அங்கே இல்லை. தனித்தனிப் பகுதிகள் எதிலும் இல்லாத ஓர் ஒழுங்கு, அவை ஒன்றோடொன்று பட்டுக்கொள்வதால் உருவாவதை இக்கட்டுரையில் ‘மேலெழுதல்’ என்று குறிப்பிடுகிறேன்.

ஊர்கூடித் தேர் இழுப்பது வேறு வகை. அங்கே வீதி தெரியும், நிலை தெரியும், வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் இழுத்தால் தேர் நகரும். (முட்டுக்கட்டை போடுகிறவருக்கு மட்டும் தனித் திறமை வேண்டும்.) நிர்வாகப் பயிற்சிகளில் நமக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் தேர் இழுக்கும் கலை. பாதையை ‘உருவாகு’ என்று யாராலும் உத்தரவிட முடியாது. எனினும், வேலியில் எங்கே திறப்பு விடுவது, நிறுத்தம் எங்கே இருப்பது, எந்த முள்ளை வெட்டுவது என்பவை உங்கள் கையில் இருக்கின்றன. கீழே உள்ள படிகள் அந்தக் கைவேலையைப் பற்றியவை. ஐந்து முதல் முப்பது பேர் வரையுள்ள அணியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம்: வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

அணி இப்போது செய்துவரும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இதை இன்று செய்ததுபோலவே அடுத்த மாதமும் செய்தால், அதே விளைவு கிடைக்குமா?” சம்பளப் பட்டியல், வரிக் கணக்குத் தாக்கல், இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ‘ஆம்’ என்று வரும். அவை எவ்வளவு கடினமாக இருந்தாலும் நுணுக்கமான வேலைகளே; விவரம் தெரிந்தவர் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். புதிய வாடிக்கையாளரின் மனத்தைப் புரிந்துகொள்வது, இரண்டு துறைகளுக்கிடையே நெடுநாளாக இருக்கும் உரசலைத் தீர்ப்பது, இதுவரை இல்லாத ஒரு பொருளை உருவாக்குவது ஆகியவற்றுக்கு ‘இல்லை’ என்று வரும், ஏனென்றால் நீங்கள் தொட்டவுடனேயே நிலைமை மாறிவிடுகிறது. இவற்றைப் பின்னலான வேலைகள் எனலாம்.

டேவ் ஸ்னோடன் 1999-இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த காலத்தில், உருவாக்கத் தொடங்கிய ‘கினெவின்’ என்ற சட்டகம் இந்த வேறுபாட்டை விரிவாக எடுத்துச் சொல்கிறது. நுணுக்கமான இடத்தில் முதலில் ஆராய்ந்து, பிறகு செய்ய வேண்டும். பின்னலான இடத்தில் முதலில் சிறிதாகச் செய்து பார்த்து, நடப்பதைக் கவனித்து, பிறகு அதற்கேற்ப நகர வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இதைத் தலைகீழாக மாற்றிவிடுவதே நான் அதிகம் பார்த்த பிழை. பின்னலான வேலைக்கு ஆறு மாத ஆய்வறிக்கை கேட்பார்கள். நுணுக்கமான வேலையில், சுதந்திரம் தருவதாக எண்ணி, ஆளுக்கொரு முறையில் செய்யவிடுவார்கள். சம்பளப் பட்டியலில் யாருக்கும் படைப்பாற்றல் வேண்டாம். அந்தப் பக்கத்தை இறுக்கமாகவே வைத்திருங்கள். அங்கே மிச்சமாகும் நேரம் மறுபக்கத்துக்கு உதவும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வரையுங்கள்

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். அணியினர் ஒவ்வொருவரிடமும் தனியாக, “போன வாரம் ஒரு சிக்கல் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டு, பெயர்களைப் புள்ளிகளாகவும் பேச்சைக் கோடுகளாகவும் வரையுங்கள். நிறுவனத்தின் அதிகாரப் படிநிலை வரைபடத்துக்கும் நீங்கள் வரைந்ததற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே வியப்பூட்டும். எல்லாக் கோடுகளும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் அணி ஊமையாகிவிடும். இரண்டு கொத்துகளுக்கிடையே கோடே இல்லையென்றால், நீங்கள் தேடும் புதியது பெரும்பாலும் அந்த இடைவெளியில் கிடக்கிறது. சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் ஒரு பெரிய அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் மேலாளர்களை ஆராய்ந்து 2004-இல் எழுதியதில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்களுக்கு இடையே பாலமாக இருந்தவர்களின் யோசனைகளே கூடுதல் மதிப்பைப் பெற்றன. அவர்கள் பிறரைவிட அறிவாளிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓரிடத்தில் பழகிச் சலித்த ஒன்று, இன்னோரிடத்தில் புதிதாக இருப்பதை முதலில் பார்க்கக்கூடிய இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

இருக்கும் இடமும் பேச்சைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களில், பொறியாளர்களின் மேசைகளுக்கிடையே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது எப்படிக் குறைகிறது என்று அளந்தார். முதல் சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே அது செங்குத்தாகச் சரிந்துவிட்டது. அதே எம்.ஐ.டி.யில், இதற்கு மறுபக்கமாக, 20-ஆம் எண் கட்டடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-இல் அவசரமாக எழுப்பப்பட்ட மரக் கட்டடம் அது. போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத் திட்டம். கோடையில் வெந்தது, எங்கும் கசிந்தது, அறை எண்களோ வந்தவரை வழிதவற வைத்தன. ஆனாலும் 1998 வரை அது நின்றது. இடமில்லாத துறைகளையெல்லாம் அங்கே தள்ளியதால், அணுக்கரு அறிவியலாளர்கள், நோம் சோம்ஸ்கியின் மொழியியல் துறை, ஒலியியல் ஆய்வகம், பொம்மை ரயில் பாதைகளில் மின்சுற்றுகளைப் பின்னி விளையாடிய மாணவர் மன்றம் எல்லாம் ஒரே நீண்ட தாழ்வாரங்களில் அண்டை வீட்டாராயின. கணினியோடு விளையாடும் ‘ஹேக்கர்’ பண்பாட்டின் தொடக்கங்களுள் ஒன்று அந்த மாணவர் மன்றம்.

கட்டடம் மதிப்பற்றது என்பதாலேயே அங்கிருந்தவர்கள் அதன்மேல் கைவைக்கத் தயங்கவில்லை. அணுக் கடிகாரம் ஒன்றை உருவாக்க உயரம் போதவில்லை என்று ஜெரால்ட் சக்கரியாஸ் மேல்தளங்களை வெட்டித் திறந்துவிட்டார். பளபளப்பான புதிய கட்டடத்தில் அதற்கு எத்தனை படிவம் நிரப்ப வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு ஒழுகும் கூரைதான் படைப்பாற்றலின் ரகசியம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பலதரப்பட்டவர்கள் தற்செயலாகச் சந்திக்க நேர்ந்ததும், தம் இடத்தை அனுமதி கேட்காமல் மாற்றிக்கொள்ள முடிந்ததுமே அங்கே வேலை செய்தன. உங்கள் அலுவலகத்தில் இதற்குச் செலவு அதிகமில்லை. கோடு இல்லாத இரண்டு கொத்துகளிலிருந்து ஒவ்வொருவரை மூன்று மாதத்துக்கு அருகருகே உட்காரவையுங்கள். தேநீர் இயந்திரம் ஒவ்வொரு மூலையிலும் இருந்தால், பொதுவான ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் அணியென்றால், வாரம் ஒருமுறை குலுக்கல் முறையில் இருவரைச் சேர்த்து அரைமணி நேரம், நிகழ்ச்சிநிரல் எதுவும் இல்லாமல், பேச விடுங்கள்.

முதல் மாதம் முடிவதற்குள்: விதிகளை எண்ணுங்கள்

விதிகளையெல்லாம் நீக்கிவிட்டால் படைப்பாற்றல் பொங்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். கணினி வரைகலை வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் கணினித் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டபோது, ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதிகளையே கொடுத்தார்: பக்கத்துப் பறவைகளை இடிக்காதே, அவை போகும் திசையையும் வேகத்தையும் ஒட்டிப் போ, அவற்றைவிட்டு விலகிப் போய்விடாதே. தலைவன் பறவை இல்லை, பாதை வரைபடம் இல்லை, ஆனாலும் கூட்டம் தூணைக் கண்டால் இரண்டாகப் பிரிந்து மறுபுறம் சேர்ந்துகொண்டது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் கூட்டத்தின் ஒழுங்கு குலைந்துவிடும். முப்பதாக்கினால், யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

டொயோட்டா ஆலைகளில் இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு இருக்கிறது. கோளாறு எதையாவது கண்டால் தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்க வேண்டும்; இழுத்தவுடன் குழுத்தலைவர் அங்கே வந்தாக வேண்டும்; குறித்த இடத்துக்குள் சரியாகவில்லையென்றால் உற்பத்தி வரிசை நிற்கும். இந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்து நாள்தோறும் எத்தனையோ சிறு மாற்றங்கள் எழுகின்றன. அங்கும் யோசனைத் திட்டம் உண்டு. 1950-இல் ஃபோர்டு ஆலைகளைப் பார்த்து வந்தபின் 1951-இல் தொடங்கினார்கள். நம் யோசனைப் பெட்டியில் பேருந்துச் சீட்டு விழுந்ததற்கும் அங்கே திட்டம் நிலைத்ததற்கும் உள்ள வேறுபாடு பெட்டியில் இல்லை. கயிற்றை இழுத்தால் ஆள் வருவார் என்ற விதி அங்கே இருந்தது.

ஆகவே, உங்கள் அணியின் விதிகளை எழுதி எண்ணுங்கள். எழுதப்படாத விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மேலாளர் பேசிய பிறகு யாரும் மறுத்துப் பேசுவதில்லை’ என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாமலே பல அலுவலகங்களை ஆள்கிறது. பின்னலான வேலைகளுக்கு நான்கைந்து விதிகளே இருக்கட்டும்: செலவுக்கு இந்த வரம்பு, வாடிக்கையாளரின் தகவலுக்கு இந்தப் பாதுகாப்பு, யாராவது உதவி கேட்டால் ஒரு நாளுக்குள் பதில், செய்து பார்த்ததை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவை. கடைசி விதி மிக முக்கியமானது, ஏனென்றால் மிதிபட்ட புல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்தவர் அந்த வழியில் நடப்பார்.

உங்கள் பேச்சும் ஒரு விதியே. அசைபடங்களை எடுக்கும் பிக்சார் நிறுவனத்தில், உருவாகிவரும் படத்தைப் பார்த்துச் சக இயக்குநர்கள் குறைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் குழு ஒன்று உண்டு. அந்தக் குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது, கேட்டதில் எதை ஏற்பது என்பதைப் படத்தின் இயக்குநரே முடிவுசெய்வார். அதிகாரத்தைக் கழற்றி வைத்ததால் உண்மையைப் பேச முடிந்தது. அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், கூட்டத்தில் கடைசியாகப் பேசுகிறவராக நீங்கள் இருங்கள்.

இரண்டாம் மாதம்: நேரமும் கொஞ்சம் பணமும்

நூற்றுக்கு நூறு வேலை ஒதுக்கப்பட்ட அணியில் எதுவும் மேலெழாது. 3எம் நிறுவனம் தன் ஆய்வாளர்கள் வேலைநேரத்தில் 15 சதவீதம் வரை தாமே தேர்ந்தெடுத்த முயற்சிகளில் செலவிடலாம் என்பதை நெடுங்காலமாக வழக்கமாக வைத்திருப்பது பலருக்கும் தெரிந்ததே. வாரத்துக்கு அரை நாள் கொடுக்க முடிந்தால் போதும். ஆனால் அந்த அரை நாளை நாட்காட்டியில் குறித்து, அதில் யாரும் கூட்டம் வைக்காதபடி நீங்கள் காவல் காக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒதுக்கீடு ஏட்டளவில் நின்றுவிடும். மேலும், உங்களைக்கூடக் கேட்காமல் செலவழிக்க ஒரு சிறு தொகையை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

இரண்டாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை: பல சிறு முயற்சிகள்

ஒரே பெரிய திட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதில் எல்லாவற்றையும் போடாதீர்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து சிறு முயற்சிகள் நடக்கட்டும். அவற்றுள் ஒன்றிரண்டு ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் நல்லது. ஒவ்வொன்றையும் தொடங்கும்முன் ஒரு பக்கத்துக்குள் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறோம்? தோற்றால் எவ்வளவு இழப்பு, அதை அணி தாங்குமா? எதைக் கண்டால் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்? எதைக் கண்டால் நிறுத்துவோம்? நான்காவது கேள்விக்குத் தொடங்கும் முன்பே விடை எழுதாவிட்டால் பின்னர் யாரும் எழுத மாட்டார்கள். தாம் வளர்த்த பயிரைப் பிடுங்க எவருக்கும் மனம் வராது.

இங்கே 3எம் நிறுவனத்தின் மஞ்சள் ஒட்டுத்தாள் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. வழக்கமாக இது ‘தற்செயலான கண்டுபிடிப்பு’ என்ற ஒற்றை வரியில் சொல்லப்படுகிறது. காலக்கோட்டைப் பார்த்தால் பாடம் வேறு. 1968-இல் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசையைத் தேடும்போது, லேசாக ஒட்டி, கிழியாமல் பிரிந்துவரும் பசை ஒன்று கிடைத்தது. அதற்கு என்ன பயன் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் அதை மறைத்து வைக்கவுமில்லை. ஆண்டுக்கணக்கில் நிறுவனத்துக்குள்ளேயே பலரிடமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1974-இல், தேவாலயப் பாடகர் குழுவில் பாடிவந்த சக ஊழியர் ஆர்ட் ஃபிரை, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் துண்டுகள் விழுந்துகொண்டே இருப்பதில் சலித்தபோது, கேட்டிருந்த அந்தப் பசை அவர் நினைவுக்கு வந்தது. பிறகு, அதில் குறிப்பு எழுதி மேலாளருக்கு அனுப்ப, அவர் அதே தாளில் பதில் எழுதி அனுப்ப, பக்க அடையாளம் கடிதமாக மாறியது. 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. ஓராண்டு கழித்து ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் தாள்களை இலவசமாகக் கையில் கொடுத்துப் பார்த்தபோது, பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். 1980-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

பசையும் தேவையும் சந்திக்க 6 ஆண்டுகள், மொத்தம் 12 ஆண்டுகள். தோற்ற முயற்சியை மூடாமல், அதே பொருளை வேறு விதத்தில் மக்கள் கையில் சேர்த்துப் பார்த்ததில்தான் திருப்பம் வந்தது. இந்த இடத்தில் தலைவரின் தீர்ப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது. பொருள் தோற்றதா, அதைச் சோதித்த முறை தோற்றதா என்று பிரித்தறிய எந்தச் சூத்திரமும் இல்லை. கையில் கொடுத்தபோது மனிதர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பது ஒன்றே வழி.

மாதத்துக்கு ஒருமுறை எல்லா முயற்சிகளையும் ஒரே அமர்வில் பாருங்கள். உயிருள்ளதற்கு இன்னொரு ஆளையும் இன்னும் சில வாரங்களையும் கொடுங்கள். நிறுத்தும் குறி தெரிந்ததை அன்றே நிறுத்துங்கள். நிறுத்தப்பட்டதிலிருந்து மிஞ்சிய பொருளையும் குறிப்புகளையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வையுங்கள். நிறுத்திய முயற்சியில் இருந்தவரின் மதிப்பீட்டில் அதைக் குறையாக எழுதினால், அடுத்த முறை யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். அணியினர் நீங்கள் சொல்வதைவிட, முதலாவதாக நிறுத்தப்பட்ட முயற்சிக்காரருக்கு என்ன நேர்ந்தது என்பதையே உற்றுப் பார்ப்பார்கள்.

ஆறாம் மாதம்: மேலிடம் கணக்குக் கேட்கும்போது

கேட்பது நியாயமே. ஆனால் எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் எச்சரிக்கை வேண்டும். அதே 3எம் நிறுவனத்துக்கு, ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்த ஜேம்ஸ் மெக்னெர்னி 2001-இல் தலைமை ஏற்று, பிழைகளையும் மாறுபாடுகளையும் ஒழிக்கும் ‘சிக்ஸ் சிக்மா’ முறையை நிறுவனம் முழுவதும் கொண்டுவந்தார். ஆலைகளில் செலவு குறைந்தது, லாபம் கூடியது. ஆய்வகங்களிலோ, எப்போது என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டியிருந்தது, துணிந்த முயற்சிகள் மெலிந்தன என்ற மனக்குறை எழுந்தது. 2005-இல் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் பக்லி, ஆய்வாளர்களை அந்தப் பிடியிலிருந்து பெருமளவு விடுவித்தார். முறையில் பிழையில்லை, நுணுக்கமான வேலைக்கு உரிய கருவியைப் பின்னலான வேலையில் செலுத்தியதே கோளாறு. மாறுபாட்டை ஒழிப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி, மாறுபாட்டிலிருந்தே பிறக்க வேண்டிய இடத்தில் வேறென்ன செய்யும்?

எனவே, மேலிடத்துக்குக் கொடுக்கும் பக்கத்தில் லாபக் கணக்கை இப்போதே தேடாமல், எண்ணக்கூடிய வேறு நான்கைக் காட்டுங்கள்: எத்தனை முயற்சிகள் தொடங்கப்பட்டன, எத்தனை நிறுத்தப்பட்டன, ஒரு முயற்சிக்கான செலவு எவ்வளவு, முதல் மாதம் வரைந்த படத்தில் புதிதாக எத்தனை கோடுகள் சேர்ந்தன. ஆறு மாதத்தில் ஒன்றுமே நிறுத்தப்படவில்லையென்றால், அணி மிகவும் பாதுகாப்பானவற்றையே முயன்றிருக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது அப்போதுதான்.

ஏதேனும் ஒன்று நிலைத்துவிட்டால், அதை உடனே நுணுக்கமான வேலைகளின் பக்கத்துக்கு மாற்றுங்கள். செய்முறையை எழுதி, பொறுப்பானவரை நியமித்து, தரத்தை இறுக்குங்கள். ஒட்டுத்தாளும் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு தாளிலும் ஒரே அளவு பசை பூச வேண்டிய நுணுக்கமான வேலையாகிவிட்டது. இந்தக் கைமாற்றத்தில் தவறாமல் ஒரு சச்சரவு வரும்: இது யாருடைய யோசனை? பசை ஒருவருடையது, தேவை இன்னொருவருடையது, கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றது வேறொருவர். பதவி உயர்வுப் பட்டியலில் ஒரு பெயருக்கு மட்டும் இடமிருக்கும்போது, மற்ற இருவரும் அடுத்த முறை வாயை மூடிக்கொள்வார்கள். அதனால், முதல் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் திறந்து, எந்தத் தேதியில் யார் யாரிடம் எதைச் சொன்னார், அதன்பின் எது மாறியது என்று வாரம் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். மதிப்பீட்டுக் காலத்தில் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், மூன்று பெயர்களையும் எழுதச் சொல்லி மனிதவளத் துறையிடம் வாதாடுங்கள்.